உஷார்! உங்கள் கெட்ட நேரத்துக்கு விலை வைக்கிறார்கள்

"உங்களுக்கு ஏழரை உச்சத்துல இருக்கு. அமாவாசைக்குள்ள பரிகாரம் பண்ணலைன்னா வீட்ல ஒரு உயிர் போகும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

போனில் ஒரு குரல் இப்படிச் சொன்னால் அந்த நொடியே இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். ஜோதிடத்தில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். பயம், கெடு, ரகசியம் ஆகிய மூன்றும் ஒரே மூச்சில் வந்தால் நாலாவதாக வரப்போவது க்யூ.ஆர். கோடுதான்.

புதுவாயல் பக்கம் இருப்பவர்களுக்கு இதைக் கூடுதல் அழுத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். ஒரு பக்கம் பெரியபாளையம் பவானி அம்மன், பக்கத்திலேயே சிறுவாபுரி முருகன், வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், நடுவில் பொறியியல் கல்லூரிகள். செவ்வாய்க்கிழமை ஆனால் சொந்த வீடு கேட்டு சிறுவாபுரிக்குப் போகிற வண்டிகளும், ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற கம்பெனி பஸ்களும் ஒரே ரோட்டில் நெருக்கியடிக்கும். வேண்டுதலும் வேலைப் பயமும் அடுத்தடுத்து வாழ்கிற இடம் இது. கான்ட்ராக்ட் முடிகிறவர், பிரஸ் மெஷினில் விரல் போனவர், அரியரை எப்படி வீட்டில் சொல்வது என்று தெரியாத மாணவர், நகையை அடகு வைத்து மகளைச் சேர்த்த அம்மா என எல்லோரும் இங்கே உண்டு. பயத்தை விற்கிறவனுக்கு இதைவிட வாகான சந்தை கிடைக்காது.

எப்படி நடக்கிறது என்று பாருங்கள். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து ரூமுக்கு வந்த பையன் தூக்கம் வராமல் போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். அடுத்த மாதம் கான்ட்ராக்ட் புதுப்பிப்பார்களா என்று தெரியாது. "முதல் பலன் இலவசம்" என்று ஒரு விளம்பரம் வருகிறது. பிறந்த தேதி, நேரம், ஊர், வாட்ஸ்அப் எண் கொடுக்கிறான். பத்து நிமிடத்தில் அழைப்பு. "தம்பி, கொஞ்ச நாளா மனசுல ஒரு பாரம் இருக்கு, இல்லையா? நீங்க நல்லது செஞ்ச ஒருத்தர் உங்களுக்கே எதிரா திரும்பியிருக்கார். வேலை இடத்துல ஒரு கண் உங்க மேல இருக்கு." இராத்திரி இரண்டு மணிக்கு இலவச ஜாதகம் கேட்கிற எவனுக்கு மனசில் பாரம் இருக்காது? ஆனால் அந்தப் பையனுக்கு உடம்பு சிலிர்த்துவிடும். 'எனக்குள்ளே இருப்பதை அப்படியே சொல்கிறாரே!'

அப்புறம் முதலில் 501 ரூபாய், சங்கல்பத்துக்கு. மூன்று நாள் கழித்து, "பூஜையில் ஒரு தடை தெரியுது, யாரோ வைச்சிருக்காங்க" என்று 2,100. அதற்கடுத்து 11,000. கொடுத்த பணம் வீணாகிவிடக் கூடாதே என்ற தவிப்பே அடுத்த தொகையைக் கொடுக்க வைக்கும். "பாதியில் நிறுத்தினா இரட்டிப்பா திரும்பும்" என்று ஒரு வார்த்தையும் போடுவார்கள். கடன் ஆப்பில் வாங்கிக் கட்டுகிறவர்களும் உண்டு. வேலை போகுமோ என்று பயந்தவன், வேலை இருக்கும்போதே கடன்காரன் ஆகிறான்.

இந்த வலையின் அடிப்படைக் கணக்கைச் சொல்கிறேன். ஜோதிட சாஸ்திரம் சொல்கிற கணக்கேதான், வெளியிலிருந்து கொண்டுவந்த எதுவும் இல்லை. சனி சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய இருபத்தொன்பதரை ஆண்டு ஆகிறது. பன்னிரண்டு ராசி, ராசிக்கு இரண்டரை ஆண்டு. சந்திரன் நின்ற ராசிக்கு முந்தியது, அந்த ராசி, பிந்தியது என்று மூன்று ராசிக்காலம் சேர்ந்தால் ஏழரை. அப்படியென்றால் எந்த நாளை எடுத்தாலும் பன்னிரண்டில் மூன்று ராசிக்காரர்களுக்கு ஏழரை நடந்துகொண்டே இருக்கும். அதோடு எட்டாமிடத்து அஷ்டமச் சனி, நாலாமிடத்து அர்த்தாஷ்டமச் சனி, ஏழாமிடத்துக் கண்டகச் சனி. இந்த மூன்றையும் சேர்த்தால் ஆறு ராசி. பாதி ஜனம்!

சனி மீனத்தில் நிற்கும்போது கும்பம், மீனம், மேஷத்துக்கு ஏழரை, சிம்மத்துக்கு அஷ்டமம், கன்னிக்குக் கண்டகம், தனுசுக்கு அர்த்தாஷ்டமம். நாற்பது பேர் போகிற கம்பெனி பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு யாரைக் காட்டி "உங்களுக்குச் சனி பிடிச்சிருக்கு" என்று சொன்னாலும் இரண்டில் ஒரு தடவை சாஸ்திரப்படியே சரியாக இருக்கும். ஒரு மனிதனின் முப்பது வருடத்தில் ஏறக்குறைய பதினைந்து வருடம் இந்தக் கணக்குக்குள் வந்துவிடும். அந்தப் பதினைந்து வருடத்திற்குள்தான் பலருக்குக் கல்யாணம் ஆகிறது, பிள்ளை பிறக்கிறது, வேலை நிரந்தரமாகிறது. செவ்வாய் தோஷமும் இதே கதைதான். லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய ஐந்து இடங்களில் எதில் செவ்வாய் இருந்தாலும் தோஷம் என்றால், பன்னிரண்டில் ஐந்து பேர் மாட்டுவார்கள். அதற்கு விதிவிலக்குகளும் நிவர்த்திகளும் ஏராளமாக உண்டு என்பதைப் பரிகாரம் விற்கிறவன் வாய் திறந்து சொல்ல மாட்டான்.

இன்னொன்று. ஒரே சனிப்பெயர்ச்சியைக் காட்டி இரண்டு முறை வசூல் செய்ய முடியும் என்பது உங்களுக்குத் தெரியுமா? திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி கும்பத்திலிருந்து மீனத்துக்கு மாறியது 2025 மார்ச் 29. வாக்கியப் பஞ்சாங்கப்படி அதே பெயர்ச்சி 2026 மார்ச் 6. கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம். 2025 மார்ச்சில் ஏற்பட்ட குழப்பத்தைப் பார்த்து, எங்கள் கோயிலில் வாக்கியப்படிதான் கணக்கு, இப்போது பெயர்ச்சி விழா இல்லை என்று திருநள்ளாறு கோயில் நிர்வாகமே விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. சனிக்கென்றே ஜனங்கள் தேடிப்போகிற தலம் அது. அதுவே அவசரப்படாதபோது, "இன்னும் ஆறு மணி நேரம்தான் இருக்கு, சிறப்பு ஹோமத்துக்குப் பெயர் கொடுங்க" என்று போனில் அவசரப்படுத்துகிறவன் யார்? எந்தப் பஞ்சாங்கம் என்று அவனிடம் கேளுங்கள். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது.

ஜோதிடத்தை மதிக்கிறவர்களுக்குத்தான் இதில் அதிகக் கோபம் வர வேண்டும். ஊர்ப்பக்கம் பழைய ஜோசியர்கள் சனி காலத்துக்குச் சொன்னது என்ன? ஜாமீன் கையெழுத்துப் போடாதே. புதுக் கடன் வாங்காதே. வாய்ச் சண்டைக்குப் போகாதே. வண்டியை நிதானமாக ஓட்டு. சனிக்கிழமை ஒரு நல்லெண்ணெய் விளக்கு, காக்கைக்கு ஒரு பிடி சோறு, கால் ஊனமுற்றவருக்கோ முதியவருக்கோ முடிந்த உதவி. அவ்வளவுதான். எல்லாம் சேர்ந்து ஐம்பது ரூபாய் தாண்டாது. அஷ்டமச் சனி என்று பயமுறுத்துகிறார்களே, அந்த எட்டாமிடம் மறைவையும் ஆயுளையும் மட்டும் குறிப்பதில்லை, பழையது கழிந்து ஆள் மாறி வருகிற இடமும் அதுதான் என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்குவார்கள். சனி சோதித்துச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் என்பதே மரபின் பார்வை. பரிகாரத்துக்குக் கடன் வாங்கச் சொல்கிறவன் அந்த மரபின் முதல் புத்திமதியையே மீறச் சொல்கிறான்.

பணத்தோடு நிற்காத ஆட்களும் இருக்கிறார்கள். வீட்டில் பெண்கள் தனியாக இருக்கிற பகல் நேரம் பார்த்து வந்து, தண்ணீர் கேட்டு, முகத்தைப் பார்த்து, "தாலிக்கு ஆபத்து தெரியுதும்மா" என்பார்கள். நகையைக் கழற்றிச் சொம்பில் போட்டு, மஞ்சள் துணி கட்டி, எலுமிச்சை வைத்து, மூன்று நாள் கழித்துத் திற என்பார்கள். மூன்றாம் நாள் திறந்தால் கூழாங்கல்தான் இருக்கும். எந்தச் சாஸ்திரத்திலும் நகையை மூடிக் கட்டி வைக்கிற பரிகாரம் கிடையாது. இதை உங்கள் அம்மாவிடமும் பக்கத்து வீட்டு அக்காவிடமும் இன்றைக்கே சொல்லிவையுங்கள்.

போனிலும் இதே வேலை வேறு வேஷத்தில் நடக்கிறது. "உங்கள் ஜாதகம்" என்ற பெயரில் வருகிற ஃபைல் ஏ.பி.கே. என்று முடிந்தால் தொடவே கூடாது. அது ஜாதகம் கிடையாது, உங்கள் போனுக்குள் நுழைகிற ஆப். உங்கள் ஓ.டி.பி. அதன் வழியாக வெளியே போகும். தோஷம் பார்க்க ஆதார் படமும் ஓ.டி.பி.யும் எந்த ஜோசியருக்கும் தேவைப்படாது. திருஷ்டி கழிக்க வேண்டும், உடம்பில் மச்சம் பார்க்க வேண்டும் என்று பெண்களிடம் படம் கேட்டால் அடுத்தது மிரட்டல்தான். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றாலும் பயந்துபோய்ப் பணம் கொடுக்காதீர்கள். தப்பு உங்கள் மேல் இல்லை; போலீஸுக்குப் போங்கள். இந்தி, ஒடியா பேசுகிற வடமாநிலத் தம்பிகளையும் அவரவர் மொழியிலேயே பாபாக்கள் பிடிக்கிறார்கள். ஜெபம் செய்து கட்டவிழ்க்கிறேன், மந்திரித்துத் தாயத்துக் கட்டுகிறேன் என்று வேறு மதத்தின் பெயரிலும் இதே கடை விரிக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பயமாக இருப்பது உடம்புக்கும் மனசுக்கும் வருகிற நோயில்தான். தூக்கம் போய், சாப்பாடு போய், சாகலாம் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதற்குக் கட்டம் பார்த்துக்கொண்டு உட்கார நேரம் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் என்ன நடந்தது என்று மறந்திருக்க மாட்டோம். பேய், செய்வினை என்று நினைத்துக் குணமாகட்டும் என்று கொண்டுபோய் விடப்பட்டவர்கள், ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். தீப்பிடித்தபோது எழுந்து ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். கொண்டுபோய் விட்ட சொந்தங்களில் யாரும் அவர்களுக்குக் கெடுதல் நினைத்திருக்க மாட்டார்கள். வழி தெரியாமல் போனார்கள். அதற்குப் பிறகுதான் ஏர்வாடி தர்காவிலும் குணசீலம் பெருமாள் கோயிலிலும் வழிபாட்டோடு மனநல மருத்துவமும் கிடைக்கிற ஏற்பாட்டை அரசு கொண்டுவந்தது. சாமி கும்பிடுகிறவர் மாத்திரையும் போடலாம். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. மாத்திரையை நிறுத்து என்று சொல்கிற குருஜி எவராக இருந்தாலும் அவர் சொல்லைக் கேட்கக் கூடாது. தாயத்து, மந்திரம், கவசம் இவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். விளக்குக் கம்பத்தில் ஒட்டினாலும் போனில் ஓடினாலும் அது விளம்பரம்தான்.

இருட்டான நேரத்தில் யாரிடமாவது கேட்கத் தோன்றுவது மனித இயல்பு. கேளுங்கள். ஆனால் கேட்கிற ஆள் யார் என்று பாருங்கள். நல்ல ஜோசியர் வீட்டுப் பெரியவரையும் கூட அழைத்து வரச் சொல்வார். நேரம் எடுத்துக்கொண்டு முடிவு பண்ணச் சொல்வார். "டாக்டரைப் பாருங்க" என்று அவரே சொல்வார். பிரஸ் மெஷினில் விரல் போனவருக்கு ராகு எங்கே நிற்கிறார் என்பதைவிட, இ.எஸ்.ஐ. மருத்துவக் குழு ஊனத்தின் அளவைக் கணித்தால் நிரந்தர ஊன உதவித்தொகை மாதாமாதம் கிடைக்கும் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். விபத்து கம்பெனி பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று அன்றைக்கே கேளுங்கள். அங்கே தாமதித்துவிட்டு எந்த ஹோமம் வளர்த்தாலும் அந்தத் தொகை வராது.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு உட்காராதீர்கள். ஏமாற்றுகிறவர்கள் நம்பியிருப்பதே உங்கள் வெட்கத்தைத்தான். உடனே 1930-க்கு அழையுங்கள். சைபர் குற்றத்துக்கான எண் அது. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால் வங்கியில் முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. ஒரு நாள் கடந்தால் வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும். அழைப்பு வந்த எண், பணம் போன யு.பி.ஐ. விவரம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். நேரில் வந்து ஏமாற்றியிருந்தால் உங்கள் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவில் இது மோசடி. விரும்பித்தானே கொடுத்தீர்கள் என்று யார் சொன்னாலும் பின்வாங்காதீர்கள். பயமுறுத்திப் பொய் சொல்லி வாங்கினால் அது காணிக்கை ஆகாது.

மனசு தாங்கவில்லையா? 14416-க்கு அழையுங்கள். மனநல உதவிக்கான எண் அது. இருபத்துநாலு மணி நேரமும் இலவசம். தமிழில் பேசலாம், வடமாநிலத் தம்பிகள் தங்கள் மொழியிலும் பேசலாம். பெயர்கூடச் சொல்லாமல் மனம் விட்டுப் பேசலாம்.

1930, 14416 இரண்டையும் இப்போதே போனில் பதிந்துவிடுங்கள். உங்கள் ரூமில் யாராவது இராத்திரி நேரத்தில் போனோடு மொட்டை மாடிக்குப் போய் ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தால், திட்டாமல், கேலி செய்யாமல், "என்னப்பா ஆச்சு, யார்கிட்ட பேசுற?" என்று பக்கத்தில் போய்க் கேளுங்கள். பணம் அனுப்புவதற்கு முன்னால் கேளுங்கள்.