குழலுக்கு அடியில் ஒரு குதிரை

குதிரை, அதாவது தட்டிச் சுடவைக்கும் சுத்தியல், கீழ்ப்புறமாகத் தொங்கும் கைத்துப்பாக்கி ஒன்றின் படத்தைக் கண்டதாகவும், அது அச்சுக்கோத்தவர் பிழையா, செய்தவனுடைய கிறுக்கா என்று தமக்கு விளங்கவில்லை என்றும் அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். பிழையுமில்லை, கிறுக்குமில்லை. 1830களிலும் அதற்கடுத்த ஆண்டுகளிலும் அமெரிக்காவின் வெர்மான்ட், மாசசூசெட்ஸ், கனெக்டிகட் முதலிய வடகிழக்கு மாநிலங்களின் சிற்றூர்ப் பட்டறைகளில் ஏராளமாகச் செய்து விற்ற சாதனம் அது.

வாய்வழியே மருந்திட்டுக் குண்டை வைத்துச் சலாகையால் கெட்டிக்கும் துப்பாக்கியையும், தட்டியதும் தீ கக்கும் செப்புக் கேப்பையும் நான் விவரிக்க வேண்டியதில்லை. என் மனம் நிலைப்பது அந்தக் குதிரையிலேதான். வழக்கமான துப்பாக்கியில் குதிரை பக்கவாட்டில் நின்று கண்ணுக்கருகே தீப்பொறி பறக்கச் செய்யும். இதிலோ கேப்பைத் தாங்கும் எஃகு முளையைக் குழலின் அடிவயிற்றிலேயே திருகியிருப்பதால், தீ எங்கும் வளையாமல் நேரே மருந்துக்குள் பாய்கிறது, குறி பார்ப்பவனுடைய பார்வையும் மறைப்பின்றி மேலே செல்கிறது. கேப்பு கீழே விழுந்துவிடாதா என்றால், முளையின் மேல் இறுகப் பொருந்திய கேப்பு விழுவதில்லை.

இதனினும் விசேஷம், விரலைக் காக்கும் வளையமாக நாம் கருதும் அந்த எஃகுப் பட்டைதான் குதிரையை உந்தும் வில்லும் என்பது. குதிரையைக் கீழே இழுக்கும்போது பட்டை வளைந்து விறைக்கிறது. விசையின் முனை நேரே குதிரையின் வெட்டில் மாட்டிக்கொள்கிறது. விசையை அழுத்தியதும் பட்டை தன் பலத்தையெல்லாம் குதிரையில் கொட்டுகிறது. குதிரை, விசை, பட்டை, சில திருகாணிகள், அவ்வளவே யந்திரம். எங்கள் வீட்டு அரிவாள்மணைக்குத் தனியே பிடிப்பு எதுவும் இல்லாமல், உட்கார்ந்து நறுக்குபவரின் பாரமே அதை அசையாமல் நிறுத்தியதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஒரு பொருளை இரண்டு வேலைக்கு ஆக்கும் இந்தச் சாமர்த்தியம் மிகவும் பிடித்துப்போயிற்று.

ஆகையால் வெர்மான்டில் தங்கியிருந்த காலத்தில், அந்தப் பழைய மாதிரியைப் பின்பற்றிக் கையாலேயே செய்து தரும் ஒரு முதியவரிடம் ஒன்று வாங்கினேன். வாங்க வருகிறவர்களில் பலர் பித்தளை வேலைப்பாட்டையும் மரத்தின் பளபளப்பையுமே கேட்கிறார்கள் என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். உண்மையில் பார்க்கவேண்டியவை வேறு: குதிரையின் முகம் கேப்பின் மேல் கோணாமல் படிகிறதா, ஏற்றிய குதிரையைக் கட்டைவிரலால் அழுத்தினால் விசையிலிருந்து நழுவுகிறதா, முளையின் மரை இறுக்கமாக இருக்கிறதா என்பவை. குழல் வாய் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். இதற்கு 20 கிரெயின், அதாவது 1.3 கிராம் கரிமருந்தும், எண்ணெயிட்ட துணித்துண்டில் பொதிந்த ஈயக்குண்டும் போதும். சுட்டால் கந்தக நெடியுடன் வெண்புகை எழுந்து குறிப்பலகையையே மறைத்துவிடும். கேப்பின் சிதறல்கள் கீழ்நோக்கித் தெறிப்பதால், இடக்கையைக் குதிரைக்கு அடியில் கொடுத்துத் தாங்குவது பேதைமை.

அதைவிடப் பெரிய பேதைமை, புகையில்லா நவீன மருந்தை இதில் இடுவது. அதன் அழுத்தத்தைத் தாங்காமல் குழல் வெடித்துக் கையைச் சிதைக்கும். சுட்ட அன்றே வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவித் துடைத்து எண்ணெயிடாமல் சுவரில் மாட்டி அழகு பார்ப்பதும் துரோகமே. கரிமருந்தின் எச்சம் காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவாய்ப் பூத்து, ஒருவர் பொறுமையாய் இழைத்த குழலை விரைவிலேயே பாழாக்கிவிடும். கைவினைக்குப் பணம் கொடுப்பதோடு கடமை தீர்ந்ததென்று எண்ணுவோர் மலிந்துவிட்டார்கள்.

விசித்திரம் என்னவென்றால், இத்தகைய துப்பாக்கிகளுக்குப் பேர்பெற்ற நிக்கானோர் கெண்டல், வெர்மான்டின் வின்ட்சர் ஊரில் பங்காளியாக இருந்த நிறுவனந்தான், 1845இல் அரசுக்குப் பத்தாயிரம் ரைபிள்கள் செய்து தர ஒப்பந்தம் பெற்று, ஒன்றின் உறுப்பு மற்றொன்றிற்கும் பொருந்தும்படி யந்திரங்களால் செய்யும் முறையில் முன்னோடியாயிற்று. கைவேலையை ஓரங்கட்டிய அந்த முறை வளர்ந்த ஊரின் பழைய துப்பாக்கியை இன்று மீண்டும் கையால் செய்கிறார்கள்.

தாமும் ஒன்று வாங்கலாமா என்று அன்பர் கேட்கிறார். பழைய மாதிரியானாலும் சுடத்தக்க துப்பாக்கி துப்பாக்கியே; நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெறாமல் வைத்திருக்கலாகாது. அமெரிக்கப் பிரயாணம் வாய்த்தால், வின்ட்சரில் 1846இல் அந்த நிறுவனம் எழுப்பிய ஆயுதசாலை இப்போது யந்திரக் கருவிகளின் காட்சிசாலையாக இருக்கிறது. அதை அவசியம் பார்த்து வாருங்கள்.