கோவாவில் எங்கே தங்குவது?

கோவாவுக்குப் போய் வந்தவரைக் கண்டால் நம்மவர் முதலில் கேட்பது, "அறை வாடகை எவ்வளவு?" என்பதே. சென்ற ஆண்டு நாங்கள் நால்வரும் அந்தக் கேள்வியோடுதான் புறப்பட்டோம். அது பாதிக் கேள்வி என்பது திரும்பி வந்து கணக்கு எழுதியபோதுதான் விளங்கிற்று. இவ்வாண்டும் குளிர்கால விடுமுறையில் கோவா போகலாம் என்று சங்க அன்பர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஆகவே அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

கலங்கூட் கடற்கரையிலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே, தென்னை சூழ்ந்த ஒரு வீட்டில், நாளுக்கு 1,000 ரூபாய்க்கு அறை கிடைத்தது. தலைநகரான பணஜியில் 1,800 கேட்டார்கள். "எண்ணூறு மிச்சம்" என்று மகிழ்ந்தோம். மட்காவ் நிலையத்தில் இறங்கி அங்கே போய்ச் சேர டாக்சிக்கு 2,000. கடற்கரையில் பொழுது சாய்ந்து, உணவு முடித்து எழுந்தால் பஸ் இல்லை. இரவுதோறும் 700 வீதம் மூன்று இரவுக்கு 2,100. வாடகை 3,000-ஐயும் சேர்த்தால் 7,100. வேண்டாம் என்று விட்ட பணஜி அறையோ மூன்று நாளைக்கு 5,400தான்.

கையிருப்புத் தீர்ந்தபோது எங்களுள் ஒருவன், மெஸ் கட்டணத்துக்காக வீட்டிலிருந்து வந்த பணத்தை எடுத்துக் கொடுத்தான். அதைத் திருப்பித் தர எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் அவன் எங்கே, என்ன சாப்பிட்டான் என்று நாங்கள் கேட்கவில்லை. இவ்வாண்டு அழைத்தால், "படிக்க வேண்டியிருக்கிறதடா" என்கிறான்.

நாங்கள் செய்த முதல் பிழை, கோவாவை ஓர் ஊர் என்று எண்ணியது. சிறிய மாநிலந்தான்; ஆயினும் அதன் கடற்கரை வடக்கு தெற்காக ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் நீள்கிறது. "கோவாவில் அறை" என்பது "தஞ்சாவூர் ஜில்லாவில் அறை" என்பது போலத்தான். 1998-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட கொங்கண் ரயில் பாதை இதன் நெடுகச் செல்கிறது. கலங்கூட், அஞ்சுனா முதலிய வட கடற்கரைகளுக்குத் திவிம் நிலையம் அண்மையது, பணஜிக்குக் கர்மாலி, கோல்வா, பெனாலிம் ஆகியவற்றுக்கு மட்காவ், தென்கோடியிலுள்ள பலோலத்துக்குக் காணகோணா. எல்லா ரயிலும் எல்லா நிலையத்திலும் நிற்பதில்லை. எனவே உங்கள் ரயில் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு அறை தேடுங்கள். நாங்கள் மாறிச் செய்தோம்.

கைப்பணம் குறைந்த மாணவருக்கு ஏற்ற இடம் கடற்கரை ஊரன்று, பஸ் நிலையம் உள்ள நகரம் என்பதே என் கருத்து. பணஜியிலிருந்து மாப்புசா, மட்காவ், வாஸ்கோ ஆகிய ஊர்களுக்கு இடையில் நிற்காத பஸ்கள் அடிக்கடி உண்டு. கலங்கூட்டுக்கும் பஸ் உண்டு. மூன்று கிலோமீட்டரில் மிராமர் கடற்கரை. போர்த்துகீசியர் காலத்து வீடுகள் நிறைந்த ஃபொன்டேன்யாஸ் தெருக்களை நடந்தே பார்க்கலாம். மாண்டவி ஆற்றைக் கடந்து பெத்திம் செல்லும் படகில் நடந்து வருவோருக்குக் கட்டணமே இல்லை. இரு கரையின் விளக்குகளையும் பார்க்க நாங்கள் மூன்று முறை போய் வந்தோம்! இட்டிலி இல்லாமல் விடியாதவர்களுக்கு உடுப்பி உணவகங்களும் உள்ளன. மற்றவர்கள் பாவ் ரொட்டியும் பாஜியும் தின்று பழகட்டும். காலை உணவுக்கு அதைவிட மலிவு இல்லை.

ஒன்றை மறக்கலாகாது. இரவு எட்டு மணிக்குமேல் பஸ்கள் அருகிவிடும். கலங்கூட்டில் சூரியன் மறைவதைக் கண்டவுடன் எழுந்து வர மனம் வேண்டும். அது முடியாதென்றால் கடைசி மாலையை மிராமருக்கு வைத்துக்கொள்க.

மட்காவ் அழகிய ஊர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விடுமுறைக் கூட்டம் அங்கே தங்குவது குறைவு; வாடகையும் அதற்கேற்ப இருக்கும். கோல்வா ஆறு கிலோமீட்டர், பஸ் உண்டு. தென்கரை வடகரையைவிட அமைதியானது.

கடல் ஓசை கேட்டுத்தான் உறங்க வேண்டும் என்பவருக்குப் பலோலம் இருக்கிறது. மழைக்காலம் கழிந்ததும் அங்கே மரக் குடில்கள் எழுப்புவார்கள். அடுத்த மழைக்கு முன் பிரித்துவிடுவார்கள். ரயில் நிலையம் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். உணவும் கடலும் காலடியில் இருப்பதால் டாக்சிக்கு வேலையில்லை. வாடகை கூடினாலும் மொத்தம் கூடாமல் போகலாம்.

கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை எல்லாக் கணக்கும் தலைகீழ். அவ்வாரத்தில் வாடகை இருமடங்குக்கு மேலும் ஏறும். ஜனவரி முதல் வாரம் கழிந்தால் இறங்கும். ஜூனில் அறை மலிவு. ஆனால் அப்போது கடலில் இறங்குவது உயிருக்கு ஆபத்து.

வாடகை ஸ்கூட்டர் நல்ல வழிதான், ஓட்டுநர் உரிமம் இருந்தால். வண்டியின் எண் பலகை கறுப்பாகவும் எழுத்து மஞ்சளாகவும் இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி தவறு.

அறைக்காரரிடம், "கடற்கரை எவ்வளவு தொலைவு?" என்று கேளாதீர்கள், எல்லோரும் "பக்கந்தான்" என்பார்கள். பஸ் நிறுத்தம் எத்தனை நிமிட நடை, கடைசி பஸ் எப்போது, நாலாவது ஆளுக்கு மெத்தைக் காசு தனியா, மாணவர் கூட்டத்துக்கு அறை தருவீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை முன்பணம் கொடுக்குமுன் கேட்பது நலம்.

இவ்வாண்டு பெயர் வாங்குவதற்கு முன்பே, ரயில், பஸ், உணவு அனைத்தும் சேர்த்துத் தலைக்கு ஆகும் முழுத் தொகையைச் சங்க அறிவிப்புப் பலகையில் எழுதும்படி செயலாளரைக் கேட்டிருக்கிறேன். எழுதியதும் அவனிடம் மறுபடி ஒரு முறை கேட்டுப் பார்க்கப் போகிறேன்.