ஒரே வீடு, ஒரே கிருமி. நோய் ஒருவருக்கு மட்டும் ஏன்?

செங்கல்பட்டை அடுத்த படாளம் என்றதும் சர்க்கரை ஆலைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்தப் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். செவ்வழுகல் நோய் வந்தால் ஒரு ரகம் பாழாகிவிடும். வேறொரு ரகம் அதே மண்ணில் அசையாமல் நிற்கும் என்பார். மண்ணும் தண்ணீரும் நோயும் ஒன்றே. வேறுபடுவது கரும்பின் மரபணு.

மனிதரிடமும் இப்படி உண்டா? காசநோயை எடுத்துக்கொள்வோம். அதன் கிருமி உடலில் புகுந்தவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் நோய் வெளிப்படுகிறது. சத்துக் குறைவும் நீரிழிவும் இந்நோய்க்கு வழிவிடும். ஆனால் ஒரே சோற்றை உண்டு வளர்ந்த அண்ணன் நோயில் படுக்க, தம்பி தப்பிவிடுகிறானே, அது எப்படி?

இக்கேள்விக்கு விடை தேடியவர்களில் ஒருவர், மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய ராமசாமி பிச்சப்பன். நம் உயிரணுக்களின் மேல் எச்.எல்.ஏ. என்னும் புரதங்கள் உள்ளன. உள்ளே புகுந்த கிருமியின் சிறு துண்டுகளை வெள்ளணுக்களுக்கு அடையாளம் காட்டுவது இவற்றின் வேலை. இவை ஆளுக்கு ஆள் மாறுபடும். தென்னிந்தியக் காசநோயாளிகளிடம் டி.ஆர்.2 என்ற வகை கூடுதலாகக் காணப்படுவதை அவரது குழு 1991ல் வெளியிட்டது. அந்த வகை உள்ளவர்க்கெல்லாம் நோய் வந்தே தீரும் என்பதல்ல இதன் பொருள். வாய்ப்பு சற்றுக் கூடும், அவ்வளவே.

மரபணு வேறுபாடுகள் மக்கட் பிரிவுகளுக்கிடையே எப்படிப் பரவியுள்ளன? அதையும் அவர் ஆராய்ந்தார். தமிழகத்தின் 31 பிரிவுகளைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோம் ஆய்வு 2012ல் வெளியாயிற்று. மதுரைப் பணிக்குப் பின், மாமல்லபுரத்துக்கு வடக்கே கேளம்பாக்கத்திலுள்ள செட்டிநாடு பல்கலைக்கழகத்திலும் அவர் பணியாற்றினார்.

சரி, இத்தகைய அறிவால் நோயாளிக்கு என்ன பயன்? படாளத்தில் ரயிலேறி, ஒத்திவாக்கம் தாண்டிச் செங்கல்பட்டில் இறங்குங்கள். அருகே திருமணியில் 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தொழுநோய்க்குத் தரும் மருந்துகளில் ஒன்று டாப்சோன். பெரும்பாலோர்க்கு அது நல்ல மருந்து. மிகச் சிலருக்கோ உயிரையே பறிக்கக்கூடிய ஒவ்வாமையை உண்டாக்கிவிடும். அச்சிலரிடம் எச்.எல்.ஏ. பி 13:01 என்ற வகை மிகுதியாக இருப்பதைச் சீன விஞ்ஞானிகள் 2013ல் கண்டறிந்தனர். முன்கூட்டியே இரத்தத்தைச் சோதித்தால், அந்த வகை உள்ளவருக்கு வேறு மருந்தைத் தரலாம் அல்லவா? இதுதான் துல்லிய மருத்துவம்.

உலகில் இதுவரை திரட்டிய மரபணு விவரங்களில் பெரும்பகுதி ஐரோப்பிய வழியினருடையது. அவர்களிடம் கண்ட முடிவுகள் நமக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. நம் ஊர் மக்களிடம் நாமேதான் தேட வேண்டும். பிச்சப்பன் போன்றோர் தொடங்கிவைத்த அந்தப் பணியில், உயிரியல் வகுப்பில் இன்று அமர்ந்திருக்கும் உங்களுக்கும் இடம் இருக்கிறது.