பயறு வேரின் முடிச்சுகள்

உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு முதலிய செடிகளை வேருடன் எடுத்துப் பார்த்தால், வேர்களில் ஆங்காங்கே கடுகளவும் மிளகளவுமான சிறு முடிச்சுகள் ஒட்டிக்கொண்டிருக்கக் காணலாம். இவற்றை முதன்முறை காண்பவருள் சிலர், பயிருக்கு ஏதோ நோய் கண்டுவிட்டதென்று அஞ்சி மருந்து தேடுவதுண்டு. வேறு சிலர், பயறு விதைத்த மாத்திரத்திலேயே நிலத்தில் உரம் சேர்ந்துவிடும் என்று நம்பி, வேரை ஒரு நாளும் பார்ப்பதேயில்லை. இவ்விரண்டும் பிசகாகும். இம்முடிச்சுகள் யாவை, இவற்றினுள் நடப்பது என்ன, இவை வேலை செய்கின்றனவா என்பதைக் குடியானவர் தாமே அறிவது எங்ஙனம் என்பவற்றை இங்கே சுருக்கமாக விளக்குவோம்.

பழைய அனுபவமும் ஒரு புதிரும்

பயறு விளைந்த நிலத்தில் அடுத்த பயிர் செழிக்கும் என்பது நெடுங்கால அனுபவம். இதன் காரணத்தை நிறுத்து அளந்து அறிய முற்பட்டவர்களுள் பிரான்சு தேசத்துப் பூஸிங்கோ என்பவர் ஒருவர். பயிருக்குத் தழைச்சத்தாக உதவும் மூலப்பொருள் நைட்ரஜன். விதையில் இருந்த நைட்ரஜனையும், விளைந்த செடியில் இருந்த நைட்ரஜனையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். பட்டாணியிலும் குளோவர் என்னும் தீவனச் செடியிலும் அது மிகுந்திருந்தது, கோதுமையில் மிகவில்லை. இதனை 1838-ஆம் வருஷத்தில் வெளியிட்டார்.

பிறகு 1857-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் பண்ணையைச் சேர்ந்த லாஸ், கில்பர்ட், பியூ என்னும் மூவர் இதனை மீண்டும் சோதிக்கத் தொடங்கினர். பிழை நேரக்கூடாதென்று மண்ணை நெருப்பிலிட்டுச் சுட்டனர்; செடிகளைக் கண்ணாடிக் கூண்டில் வளர்த்து, உள்ளே செல்லும் காற்றையும் கழுவிச் செலுத்தினர். இவ்வளவு கவனத்துடன் செய்தும், பயறுச் செடிகள் காற்றிலிருந்து நைட்ரஜனைச் சிறிதும் பெறவில்லை என்றே கண்டனர். வயல் ஒன்று சொல்ல, கண்ணாடிக் கூண்டு வேறொன்று சொல்லிற்று.

புதிர் விடுபட்ட விதம்

சுமார் முப்பது வருஷங்களுக்குப் பின், ஜெர்மனியில் பெர்ன்புர்க் நகரில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் இருவர் நைட்ரஜன் இல்லாத மணலில் ஓட்ஸ் தானியத்தையும் பட்டாணியையும் வளர்த்தனர். ஓட்ஸ் செடி இட்ட நைட்ரேட் உப்பின் அளவுக்குத் தக்கபடி வளர்ந்தது. பட்டாணியோ ஒரு தொட்டியில் வாடி மடிந்தது. பக்கத்துத் தொட்டியில் செழித்தது. செழித்த செடிகளின் வேரில் முடிச்சுகள் இருந்தன, வாடியவற்றில் இல்லை.

இவ்வேறுபாட்டைக் கைப்பிசகு என்று அவர்கள் தள்ளிவிடவில்லை. மண்ணிலிருந்து ஏதோ ஓர் உயிர்ப்பொருள் சில தொட்டிகளுக்கு மட்டும் வந்து சேர்ந்திருக்கலாம் என்று ஊகித்தனர். ஊகம் மெய்யாயின், சுத்தி செய்த மணலில் வயல் மண்ணைக் கரைத்த நீரைச் சிறிது வார்த்தால் பட்டாணி செழிக்க வேண்டும். அதே நீரைக் காய்ச்சி வார்த்தால் செழிக்கலாகாது. அவ்விதமே நடந்தது. 1886-ஆம் வருஷத்தில் இம்முடிவை அறிவித்தனர். 1888-இல் ஹாலந்து தேசத்துப் பெய்ஜரிங்க், முடிச்சிலிருந்து அந்நுண்ணுயிரைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். ரைசோபியம் என்று இன்று சொல்லப்படுவது இவ்வினத்து பாக்டீரியாவே.

முன்னவர் கண்டதும் பொய்யன்று. மண்ணைச் சுட்டபோது, தாம் தேடிய காரணத்தையே அவர்கள் கொன்றுவிட்டனர். சோதனையில் பிழை புகாமலிருக்கச் செய்த காரியமே விடையை மறைத்தது. ஆதலால் ஒரு சோதனையின் முடிவைக் கேட்கும்போது, அது எந்த நிலைமையில் கண்ட முடிவு என்பதையும் உடன் கேட்டல் வேண்டும்.

முடிச்சு உண்டாகும் வகை

வீடு செங்கற்களால் ஆனதுபோல், செடியின் உடல் கண்ணுக்குத் தெரியாத சிறு அறைகளால் ஆனது. இவற்றை உயிரணு என்றும் செல் என்றும் கூறுவர். ஆனால் செங்கல் உயிரற்றது. உயிரணுவோ தானே உண்டு, சுவாசித்து, இரண்டாகப் பிரிந்து பெருகும். தாவர உயிரணுவுக்கு வெளியே உறுதியான சுவரும், அதன் உட்புறம் மெல்லிய சவ்வும், அதனுள் கூழ்போன்ற உயிர்ப்பொருளும், அதனிடையே உட்கருவும் உண்டு. வேரின் தோலிலுள்ள ஓர் உயிரணு வெளிப்புறம் நீண்டு வளர்வதே வேர்த்தூவி. பாக்டீரியா இவற்றினும் மிகச் சிறியது. ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் 500 அடங்கும். அதுவும் தனித்த ஓர் உயிரணுவே. ஆனால் அதற்கு உட்கரு இல்லை.

உளுந்தின் வேர் மண்ணில் சில பொருள்களைக் கசியவிடுகிறது. அவற்றை உணர்ந்த பாக்டீரியா, பதிலுக்குத் தானும் ஒரு பொருளை வெளியிடுகிறது. அதனால் வேர்த்தூவியின் நுனி சுருண்டு, பாக்டீரியாவை அணைத்துக்கொள்கிறது. அங்கிருந்து ஒரு நுண்ணிய குழாய் வேரின் உட்பக்கம் நீள, அதன் வழியே பாக்டீரியா உள்ளே செல்கிறது. அதே சமயம் வேரின் உள் அணுக்கள் விரைந்து பிரிந்து பெருகுகின்றன. இப்பெருக்கமே முடிச்சு. அதன் அணுக்கள் பலவற்றில் ஆயிரக்கணக்கான பாக்டீரியா குடியேறியிருக்கும். நிலக்கடலையில் வழி வேறு. கிளைவேர் வெடித்து வரும் பிளவின் வழியே அவை புகுகின்றன.

உள்ளே நடக்கும் ரசாயனம்

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜனே. எனினும் நெல்லுக்கும் கோதுமைக்கும் அது நேரே பயன்படுவதில்லை. காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டவை. கட்டவிழ்த்து, நைட்ரஜன் அணு ஒன்றுடன் ஹைட்ரஜன் அணுக்கள் மூன்று சேர்ந்தால் அம்மோனியா ஆகும். யூரியாவுக்கு மூலப்பொருளான அம்மோனியாவைத் தொழிற்சாலையில் செய்வதற்கு 400 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணமும், சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் தேவை.

முடிச்சிலோ, இதே காரியம் மண்ணின் சாதாரண உஷ்ணத்தில் நடைபெறுகிறது. இரும்பும் மாலிப்டினமும் அடங்கிய நைட்ரஜனேஸ் என்னும் நொதியே இதனைச் செய்கிறது. ஆனால் பிராணவாயு பட்டால் இந்நொதி கெட்டுவிடும். பிராணவாயு இன்றி பாக்டீரியா சுவாசிக்கவும் இயலாது. இச்சங்கடத்தைத் தீர்ப்பது, நமது இரத்தத்தின் செந்நிறப் பொருளுக்கு இனமான ஒரு பொருள். அது பிராணவாயுவைப் பற்றி, வேண்டிய அளவே பாக்டீரியாவுக்குக் கொண்டுசேர்க்கிறது. நன்கு வேலை செய்யும் முடிச்சின் உட்புறம் சிவந்திருப்பது இதனால்தான்.

இவ்வேலைக்குக் கூலி உண்டு. இலை செய்த சர்க்கரையைச் செடி முடிச்சுக்கு அனுப்புகிறது. பாக்டீரியா அம்மோனியாவைத் தருகிறது. மண்ணிலேயே தழைச்சத்து மிகுந்திருந்தால் செடி இக்கூலியைக் கொடுப்பதில்லை, முடிச்சுகளும் குறைந்துவிடும். ஆகவே பயறுக்கு யூரியாவை மிகுதியாக இடுவது இலவசமாகக் கிடைப்பதைத் தடுத்துவிட்டு விலைக்கு வாங்குவதற்கு ஒப்பாகும்.

வயலில் பார்க்கவேண்டியவை

செடி பூக்கத் தொடங்கும் சமயத்தில், வயலின் பல இடங்களில் சில செடிகளை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, நீரில் ஊறவைத்து அலசவேண்டும். கையால் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும்.

முடிச்சை விரலால் தேய்த்தால் எளிதில் கழன்று வரவேண்டும். கழலாமல் வேரே தடித்துப் புடைத்திருந்தால், அது நூற்புழுவால் நேர்ந்த நோயாக இருக்கலாம். கழன்ற முடிச்சை நகத்தால் கீறினால், உட்புறம் சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது வேலை நடப்பதற்கு அடையாளம். வெண்மையாக இருப்பது இளமுடிச்சாகவோ பயனற்றதாகவோ இருக்கும். பச்சையும் பழுப்பும் வேலை முடிந்ததைக் காட்டும்.

முடிச்சே இல்லையெனில், அந்நிலத்தில் தக்க பாக்டீரியா இல்லாமலிருக்கலாம். சோயா மொச்சையை முதன்முறை விதைக்கும் நிலங்களில் இது நேரும். உளுந்துக்கு உதவும் வகை சோயாவுக்கு உதவுவதில்லை. இத்தகைய நிலத்தில், அந்தந்தப் பயிருக்குரிய ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். வெயிலில் உலர்த்தினால் நுண்ணுயிர் மடிந்துபோகும்.

அதன் பலனையும் பிறர் சொல்லக் கேட்டு நம்பவேண்டுவதில்லை. ஒரே வயலில் பூசாத விதைக்குச் சில பட்டங்களும், பூசிய விதைக்குச் சில பட்டங்களும் மாறி மாறி ஒதுக்குக. கையில் ஒட்டிய பாக்டீரியா பரவாதிருக்கப் பூசாத விதையை முதலில் விதைத்துவிடுக. உழவு, நீர், உரம் யாவும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒரு பட்டத்தின் பலன் தற்செயலாகவும் இருக்கலாம். ஆதலால் இருவகையிலும் மூன்று நான்கு பட்டங்களேனும் வேண்டும். அறுவடையில் தனித்தனியே நிறுத்துப் பார்த்தால் உண்மை விளங்கும்.

நிலத்திற்குக் கிடைப்பது எவ்வளவு?

செடி சேர்த்த நைட்ரஜனில் பெரும்பகுதி முற்றிய மணியோடு களத்திற்குப் போய்விடுகிறது. செடியையும் வேருடன் பிடுங்கிக் கொண்டுபோனால் நிலத்திற்கு எஞ்சுவது சொற்பமே. தரையளவில் அறுத்து, வேரையும் உதிர்ந்த சருகையும் நிலத்தில் விட்டால்தான் அடுத்த பயிருக்குப் பலன் உண்டு. தக்கைப்பூண்டு, சணப்பு, கொளிஞ்சி ஆகியவற்றை மடக்கி உழும்போது முழுச் செடியும் நிலத்திலேயே சேர்வதால் பலன் மிகுகிறது.

ஆகவே, பயறு விதைப்பவர் ஒவ்வொருவரும் இப்போகத்தில் பூக்கும் பருவத்தில் வேரைத் தோண்டி முடிச்சைக் கீறிப் பார்ப்பாராக. உரத்திற்குப் பணம் செலவிடுமுன் செய்யவேண்டிய இச்சோதனைக்கு ஒரு மண்வெட்டியும் ஒரு வாளி நீருமே போதும்.