பாதிரியார் அடித்த பத்தி

1951 நவம்பரில் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், வாட்டிகனின் அறிவியல் கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். பேரண்டத்துக்கு ஒரு தொடக்கம் உண்டென்று இயற்பியல் கண்டுகொண்டது, ஆக ஆதியாகமம் சொல்லும் ஒளி பிறந்த கணத்துக்கு அறிவியலே சாட்சி என்கிற தோரணையில் பேச்சு போனது. விசுவாசிகளுக்குப் பூரிப்பு. அந்தத் தொடக்கத்தை முதலில் முன்வைத்தவருக்கோ பெரும் சங்கடம். இத்தனைக்கும் அவர் கத்தோலிக்கப் பாதிரியார். அதே கழகத்தின் உறுப்பினர்.

பெல்ஜியத்துக்காரரான ஜார்ஜ் லெமெத்ர் முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்தவர். 1923இல் குருப்பட்டம் பெற்றார். அடுத்து கேம்பிரிட்ஜ் போய் வானியலாளர் எடிங்டனிடம் வானியல் படித்தார். 1927இல், வெளிநாட்டில் அதிகம் பேர் புரட்டாத ஒரு பெல்ஜிய இதழில், பிரெஞ்சு மொழியில் அவருடைய கட்டுரை வந்தது. ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளை நம்பினால் பேரண்டம் விரிந்தாக வேண்டும் என்றார். தொலைதூர விண்மீன் திரள்களின் ஒளி ஏன் சிவப்புப் பக்கம் நகர்ந்து தெரிகிறது என்ற புதிருக்கும் அதில் விடை இருந்தது. திரள்கள் வெளியினூடே ஓடவில்லை. இடையிலிருக்கும் வெளியே நீள்கிறது. வழியில் வந்துகொண்டிருக்கும் ஒளியின் அலையும் கூடவே நீண்டு சிவக்கிறது. தொலைவு கூடக்கூட விலகும் வேகமும் கூடும். வானியலாளர் ஹபிள் தன் அளவீடுகளோடு இதே உறவை வெளியிட்டது 1929இல்தான். கணக்குச் சரி, இயற்பியல்தான் சகிக்கவில்லை என்று ஐன்ஸ்டீன் லெமெத்ரிடம் முகத்துக்கு நேரே சொன்னதாகச் சொல்வார்கள்.

1931இல் அவர் இன்னும் துணிந்தார். விரிவதைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால் எல்லாப் பொருளும் ஒரே 'ஆதி அணு'வில் அடங்கும். அதற்கு முன் இடம், காலம் என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை என்று நேச்சர் இதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். அதன் தட்டச்சுப் பிரதி கிடைத்திருக்கிறது. கடைசியில் கடவுளைப் பற்றி ஒரு பத்தி இருந்திருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் அடித்துவிட்டார். அந்தப் பத்தியே வியப்பானது. படைத்தவனைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற முழக்கம் அதில் இல்லை. கடவுள் இயல்பிலேயே மறைந்திருப்பவர். படைப்பின் மேல் இயற்பியல் ஒரு திரையைப் போட்டிருப்பதில் நம்பிக்கையுள்ளவர் மகிழலாம் என்பதே சாரம். சிக்காத கடவுளைத்தான் அவர் நம்பினார். அப்படிப்பட்டவருக்கு, சமன்பாட்டுக்குள் கடவுளைப் பிடித்துவிட்டதாகக் கேட்டால் எரிச்சல் வராதா?

எரிச்சலுக்கு இன்னொரு காரணம், அன்று அந்தக் கொள்கை நின்ற நிலை. ஹபிளின் அளவீட்டை வைத்துப் பார்த்தால் பேரண்டத்தின் வயது சுமார் 200 கோடி ஆண்டுதான். பூமியோ 300 கோடியைத் தாண்டும் என்று பாறைகளின் கதிரியக்கம் சொன்னது. தாயைவிட மகளுக்கு வயது கூடுதல்! தொடக்கமே இல்லாத நிலைத்த அண்டம் என்ற எதிர்க்கொள்கையும் களத்தில் இருந்தது. அதைச் சொன்னவர்களில் ஒருவரான பிரெட் ஹாயில்தான் 1949இல் பிபிசி வானொலியில் லெமெத்ரின் கொள்கைக்குப் 'பெருவெடிப்பு' என்ற பெயரையே வைத்தார். பாதிரியார் அண்டத்துக்குத் தொடக்கம் கற்பித்தால் அது மாறுவேடம் போட்ட மதம்தானே என்ற சந்தேகம் ஏற்கெனவே இருந்தது. போப்பின் உரை அதற்குத் தூபம் போட்டது. பெருவெடிப்புக்கு வலுவான சான்றான நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு அகப்பட 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தன் கொள்கை மதக் கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்கிறது, நாத்திகரும் தாராளமாக ஏற்கலாம் என்று 1958இல் பிரஸ்ஸல்ஸ் மாநாட்டில் லெமெத்ர் தெளிவாகவே சொன்னார். இதை நழுவல் என்பவர்கள் உண்டு; எனக்கு அப்படிப் படவில்லை. நழுவுகிறவர் போப்பின் பேச்சுக்குத் தலையாட்டியிருப்பார். இவரோ வாட்டிகன் வான்நோக்ககத்தின் இயக்குநர் வழியாகத் தன் கவலையைப் போப்பிடம் சேர்த்தார் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். 1952 செப்டம்பரில் ரோமில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியத்தினரிடையே போப் மறுபடி பேசினார். இந்த முறை ஆதியாகமத்தை இயற்பியலோடு முடிச்சுப் போடவில்லை. அதே ரோம் கூட்டத்தில்தான் வானியலாளர் வால்டர் பாடே எழுந்து, இதுவரை அளந்த திரள்களின் தொலைவு தப்பு என்று அறிவித்தார். அதைத் திருத்தியதும் பேரண்டத்தின் வயது ஏறக்குறைய இரட்டிப்பானது. இன்றைய கணக்கில் அது 1,380 கோடி ஆண்டு.