ராப் மேடையில் யாருக்கு இடம்?

பாட்டு பாட்டாக இருக்கட்டும், அதில் சமூகப் பிரச்சினை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஹிப்ஹாப் இசைக்கு இந்தக் கேள்வி பொருந்தாது. 1973-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் வட்டாரத்தில் விருந்து இசையாகத் தொடங்கிய இது, நாளடைவில் வறுமையையும் நிறவெறியையும் எதிர்த்துப் பேசும் கறுப்பின இளைஞர்களின் குரலாக வளர்ந்தது.

ஆனால், உள்ளதை உள்ளபடி பாடச் சொன்ன அந்த மேடை, தன்பாலின ஈர்ப்புடைய பாடகர்களை மட்டும் ஒதுக்கி வைத்தது. அவர்களை இழிவுபடுத்தும் சொற்கள் பல ராப் பாடல்களில் சர்வ சாதாரணமாக இடம்பெற்றன.

அழைப்பு வருமென்று காத்திராமல் சிலர் சொந்த மேடை அமைத்தனர். கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் ஜூபா கலாம்கா 2001 முதல் 2007 வரை 'பீஸ் அவுட்' விழாவை நடத்தினார். தன்பாலின ஈர்ப்புடையோரும் திருநங்கைகளும் திருநம்பிகளும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே பாட அங்கு வழி பிறந்தது. அவருடன் ஒரே குழுவில் பாடிய டிம் வெஸ்ட், தமக்கு ஹெச்.ஐ.வி. இருப்பதை மறைக்காமல் பேசினார். நோயைவிட அதைச் சுற்றியுள்ள மௌனமே ஆளைக் கொல்லும் சமுதாயத்தில் இது சாதாரணத் துணிச்சல் அன்று.

அந்தத் துணிச்சலின் தேவை இன்னும் தீரவில்லை. 2021-இல் மியாமி இசை விழாவில் டாபேபி என்ற ராப் பாடகர் ஹெச்.ஐ.வி. உள்ளவர்களையும் தன்பாலின ஈர்ப்பாளர்களையும் மேடையிலேயே இகழ்ந்தார். பல விழாக்கள் அவரை நீக்கின. ஹெச்.ஐ.வி. விழிப்புணர்வு அமைப்புகளோ அவரை அழைத்து உண்மைகளை எடுத்துச் சொல்லின. தண்டிப்பதோடு நிற்காமல், அறியாமையைப் போக்கவும் முயன்ற செயல் அது.

இக்கலைஞர்களின் அக்கறை தங்கள் உரிமையோடு முடிந்துவிடவில்லை. 2019-இல் தம் பாடல் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தபோதே தம்மைப் பற்றிய உண்மையை அறிவித்த லில் நாஸ் எக்ஸ், 2021-இல் ஜாமீன் பணம் கட்ட வழியின்றிச் சிறையில் வாடுவோருக்காக நிதி திரட்டினார். நியூ ஆர்லியன்ஸ் கலைஞர் பிக் ஃப்ரீடியா 2018-இல் தம் சகோதரரைத் துப்பாக்கிச் சூட்டில் பறிகொடுத்தார். அந்தத் துயரம், நகரின் துப்பாக்கி வன்முறையைப் பற்றி 2020-இல் வெளிவந்த ஆவணப்படமாயிற்று.

ஒதுக்கப்பட்டவன் வலி ஒதுக்கப்பட்டவனுக்குத்தான் தெரியும் என்பார்கள். தங்கள் வலியைப் பாடத் தொடங்கியவர்கள், அடுத்தவர் வலிக்காகவும் குரல் கொடுக்கிறார்கள். ஹிப்ஹாப் பிறந்த மண்ணின் இயல்பும் அதுதானே?