அயல்மண்ணில் தளிர்த்த தமிழ்

நுழையும்முன்

பிறந்த நாட்டையும் பேசிப் பழகிய மொழியையும் விட்டுப் பிரிந்து, முன்பின் அறியாத மக்களிடையே பணியாற்றச் செல்வது எளிதன்று. கடற்பயணம், நோய், தனிமை, பகை, மொழியறியாமை எனத் துன்பங்கள் தொடர்ந்து வரும். அவற்றுக்கு அஞ்சித் திரும்பியவர் பலர். அவற்றையே கல்வியாகவும் மகிழ்ச்சியாகவும் மாற்றிக்கொண்டவர் சிலர். அத்தகைய ஒருவரின் பணி புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றையும் தொட்டுச் சென்றிருக்கிறது. அவர் அடைந்த வளர்ச்சியையும் அதனால் தமிழ் அடைந்த வளத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஆவூர்

புதுக்கோட்டை மாவட்டம் பல சமயத்தாரின் சுவடுகளைத் தாங்கி நிற்கும் நிலம். சித்தன்னவாசலில் சமணத் துறவியரின் கற்படுக்கைகள் உள்ளன. விராலிமலையில் முருகன் கோயில் குன்றின்மேல் நிற்கிறது. திருமயம் செல்லும் வழியில் காட்டுபாவா பள்ளிவாசல் அமைந்துள்ளது. இவற்றின் வரிசையில் வைத்து எண்ணத்தக்கது ஆவூர்த் தேவாலயம்.

பிரான்சு நாட்டிலிருந்து வந்த வெனான்சியுஸ் பூஷே என்னும் இயேசு சபைத் துறவி ஆவூரில் தொடக்கக் காலத் தேவாலயத்தை எழுப்பினார். புதிய தேவாலயம் 1747ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. உயிர்ப்புத் திருநாளை அடுத்து இங்குத் தேர்த்திருவிழா நடைபெறுகிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த சமயம், தேரோட்டம் என்னும் தமிழர் விழா வடிவத்தை ஏற்றுக்கொண்டதற்கு இது சான்றாகும். இந்தத் தேவாலயத்தில் பணியாற்றியவர் என்று மாவட்ட வரலாறு பெருமையுடன் குறிப்பிடும் மற்றொருவர், தமிழுலகம் வீரமாமுனிவர் என்று போற்றும் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி ஆவார்.

கடல் கடந்த வழி

பெஸ்கி 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இத்தாலி நாட்டின் காஸ்திகிலியோன் என்னும் ஊரில் பிறந்தார். 1698ஆம் ஆண்டில் இயேசு சபையில் சேர்ந்தார். சமயப் பணிக்காக 1710ஆம் ஆண்டு லிஸ்பன் துறைமுகத்திலிருந்து கப்பலேறிக் கோவாவை அடைந்தார். அடுத்த ஆண்டு தமிழகம் வந்தார்.

சூயசுக் கால்வாய் வெட்டப்படாத காலம் அது. ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியே வரவேண்டும். காற்றின் போக்கை நம்பிய அப்பயணத்திற்குப் பல மாதங்கள் ஆகும். உணவும் குடிநீரும் கெட்டு, நோய் பரவி, கரையைக் காணாமலே இறந்தவர் பலர். ஒரு மடல் எழுதி மறுமொழி பெறுவதற்கு ஓராண்டுக்கு மேலும் காத்திருக்க நேரும். இவ்வாறு புறப்பட்ட ஒருவர் மீண்டும் தம் வீட்டு வாயிலை மிதிப்பார் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. பெஸ்கியும் தம் நாட்டிற்குத் திரும்பவே இல்லை. 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் இன்றைய கேரளத்தின் அம்பலக்காட்டில் அவர் மறைந்தார். ஆவூரில் புதிய தேவாலயம் எழுந்ததும் அதே ஆண்டிலேயே என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

அவர் வந்த தமிழகமும் அமைதியாக இல்லை. மதுரை நாயக்கர் ஆட்சி தளர்ந்துகொண்டிருந்தது. தஞ்சையில் மராத்தியரும் ஆர்க்காட்டில் நவாபும் ஆண்டனர். புதுக்கோட்டையில் தொண்டைமான் அரசு வேரூன்றி வந்தது. போர்களும் படை நடமாட்டமும் ஊர்களை அலைக்கழித்தன. அவருக்கு முன்னர் இப்பணியில் ஈடுபட்ட அருளானந்தர் என்னும் ஜான் டி பிரிட்டோ 1693ஆம் ஆண்டில் ஓரியூரில் கொல்லப்பட்டிருந்தார். பெஸ்கியும் பணியின் தொடக்க ஆண்டுகளில் சிறைப்பட்டு, உயிருக்கே இடர் நேர்ந்த நிலையில் விடுவிக்கப்பட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

துறந்தவையும் ஏற்றவையும்

1606ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த இராபர்ட் டி நொபிலி, தமிழ்த் துறவியரைப் போல் உடுத்தி, புலால் நீக்கி வாழ்ந்து ஒரு புது வழியைக் காட்டியிருந்தார். பெஸ்கியும் அவ்வழியைப் பின்பற்றினார். ஐரோப்பிய உடையைக் களைந்தார். ஊன் உணவைத் தவிர்த்தார். சோறும் காயும் உண்டார். தமிழ்த் துறவியின் கோலத்தை மேற்கொண்டார்.

பெயரும் மாறியது. கான்ஸ்டன்டைன் என்னும் சொல் உறுதியுடைமையைக் குறிக்கும். அதற்கேற்பத் தம் பெயரை முதலில் தைரியநாதர் என அமைத்துக்கொண்டார். தமிழில் ஆழ்ந்த பின்னர் அதனினும் செந்தமிழ்ப் பாங்குடைய வீரமாமுனிவர் என்னும் பெயரே நிலைபெற்றது. பெயர் மாற்றத்தின் இவ்விரு படிகளும் அவருடைய மொழிப் பயணத்தின் இரு படிகளாகவே அமைந்துள்ளன.

மாணவராகிய ஆசிரியர்

கற்பிக்க வந்தவர் முதலில் கற்க வேண்டியிருந்தது. முப்பது வயதைக் கடந்த ஒருவர், சிறு குழந்தையைப் போல் அகர முதல எழுத்துகளைப் பழகத் தொடங்கினார். இலத்தீன் முதலான ஐரோப்பிய மொழிகளில் தேர்ந்தவருக்கு இது பெரும் பணிவைக் கற்பித்திருக்கும். ஊராரிடம் பேச்சுத் தமிழையும், சுப்பிரதீபக் கவிராயரிடம் இலக்கண இலக்கியங்களையும் அவர் பயின்றார். ஒரு சமயத்தைப் பரப்ப வந்தவர், வேறு சமயச் சூழலில் வளர்ந்த நூல்களையும் மதித்துக் கற்றார் என்பது இங்குக் கருதத்தக்கது. திருக்குறளில் அவர் கொண்ட ஈடுபாடு, அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்க்குமாறு அவரைத் தூண்டியது.

இடரில் விளைந்த கொடைகள்

வீரமாமுனிவரின் மொழிப்பணி பலவற்றிற்கும், கற்கும்போது அவர் எதிர்கொண்ட இடர்ப்பாடுகளே வித்தாக அமைந்தன எனலாம்.

எழுத்தை எடுத்துக்கொள்வோம். பழைய முறைப்படி எகர ஒகரக் குறில்களுக்கு மேலே புள்ளி இடுவர், புள்ளியில்லாதவை நெடில்கள். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்பதனால் எழுதுவோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். அதனால் 'எரி', 'ஏரி' ஆகிய இரண்டும் ஒரே வடிவில் நின்றன. 'கொடி', 'கோடி' என்பனவும் அவ்வாறே. தாய்மொழியாளர் இடம் நோக்கிப் பொருள் உணர்ந்துகொள்வர். புதிதாகக் கற்பவரோ தடுமாறுவர். அத்தடுமாற்றத்தை நன்கு அறிந்த வீரமாமுனிவர், நெடிலுக்கு வேறு வடிவம் அமைத்தார். எகரத்தின் கீழ் ஒரு கோடும், ஒகரத்தின் கீழ் ஒரு சுழியும், உயிர்மெய் நெடிலுக்கு மேற்சுழித்த கொம்பும் இவ்வாறு வழக்கிற்கு வந்தன. இன்று தமிழில் எழுதும் ஒவ்வொருவரும் அறிந்தோ அறியாமலோ இம்மாற்றத்தின் பயனைத் துய்க்கின்றனர்.

சொல்லுக்கு வருவோம். அக்காலத்தில் சொற்பொருள் அறிய உதவியவை திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகள். இவை செய்யுள் வடிவின. மனப்பாடம் செய்தவர்க்கே எளிதில் பயன்படும். 16ஆம் நூற்றாண்டில் சிதம்பரம் இரேவணசித்தர் இயற்றிய அகராதி நிகண்டு, சொற்களை முதலெழுத்து வரிசையில் அடுக்கி ஒரு படி முன்னேறியிருந்தது. வீரமாமுனிவர் 1732ஆம் ஆண்டில் உருவாக்கிய சதுரகராதி, செய்யுள் வடிவத்தை விடுத்து, வேண்டிய சொல்லை வேண்டியபோது தேடிக் காணும் வகையில் அமைந்தது. பெயர், பொருள், தொகை, தொடை என்பன அதன் நான்கு பகுதிகள். ஒரு சொல்லின் பல பொருள்கள், ஒரு பொருளுக்குரிய பல சொற்கள், தொகையாக வழங்கும் பெயர்கள், எதுகைக்குரிய சொற்கள் ஆகியவற்றை இவை முறையே தருகின்றன.

இலக்கணத்திலும் இவ்வாறே. பேச்சு வழக்கிற்கும் இலக்கிய வழக்கிற்கும் இடையேயுள்ள வேறுபாடு அயலாரை மலைக்கச் செய்யும். இதனை உணர்ந்து, பேச்சுத் தமிழுக்கும் செந்தமிழுக்கும் தனித்தனியே இலத்தீனில் இலக்கணம் எழுதினார். தமிழ் கற்போர்க்காக எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி ஆகிய ஐந்தையும் தொகுத்துத் தொன்னூல் விளக்கம் இயற்றினார். அந்நூலைக் குட்டித் தொல்காப்பியம் என்றும் புகழ்வர்.

துன்பத்தினூடே நகை

இடர் நிறைந்த வாழ்வு நடத்தியவரின் எழுத்து இறுக்கமாக இருக்கும் என்று எண்ணத் தோன்றும். பரமார்த்த குரு கதை அவ்வெண்ணத்தைப் பொய்யாக்குகிறது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து மாணாக்கர்களும் அவர்களுக்கேற்ற குருவும் சேர்ந்து செய்யும் அறியாமைச் செயல்களே இக்கதைகள். ஆறு உறங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதித்துப் பார்ப்பதும், அக்கரை சேர்ந்த பின் ஒவ்வொருவரும் தம்மை விட்டுவிட்டு எண்ணி, ஒருவரைக் காணோமென்று அழுவதும் படிப்போரைச் சிரிக்க வைப்பன. தமிழ் கற்கும் ஐரோப்பியர் பேச்சு நடையை மகிழ்ச்சியோடு பயில வேண்டும் என்பதற்காக, இலத்தீன் மொழிபெயர்ப்புடன் இதனை அவர் எழுதினார். தமிழ் உரைநடை வளர்ச்சியில் இந்நூலுக்குச் சிறப்பான இடம் உண்டு. ஒரு மொழியில் பிறரைச் சிரிக்க வைக்க இயல்வதே அம்மொழி ஒருவருக்குச் சொந்தமாகிவிட்டது என்பதற்கு உறுதியான அடையாளம்.

பகையைக் கடந்த பயன்

வீரமாமுனிவரின் வாழ்வில் கடுமையான சொற்போர்களும் இருந்தன. தரங்கம்பாடியில் 1706ஆம் ஆண்டு முதல் சீகன்பால்கு முதலிய லுத்தரன் சபையினர் பணியாற்றி வந்தனர். கத்தோலிக்கத் துறவியான வீரமாமுனிவர் அவர்களுடைய கொள்கைகளை மறுத்து வேதவிளக்கம் முதலிய நூல்களை எழுதினார். ஒரே சமயத்தின் இரு பிரிவினரிடையே எழுந்த இப்பூசலின் கடுமை, இன்று படிப்போர்க்கு உவப்பளிப்பதன்று. எனினும், அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டது அதே தரங்கம்பாடி அச்சகமே. கொள்கையில் மாறுபட்டோரும் அவர் தமிழறிவின் பயனை மறுக்கவில்லை.

தேம்பாவணி

அவருடைய கல்வியின் முதிர்ச்சியைத் தேம்பாவணியில் காணலாம். தமிழகம் வந்து ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளில் இயற்றப்பட்ட இக்காப்பியம் 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பரே காப்பியத் தலைவர். அவரை வளன் என்று தமிழ்ப்படுத்தினார்; திருமுழுக்கு யோவானுக்குக் கருணையன் என்று பெயரிட்டார். பாலத்தீன நாட்டுக் கதை, தமிழ்க் காப்பிய மரபுக்குரிய நாட்டு வளமும் நகர வளமும் பெற்று நடக்கிறது. தேம்பா அணி எனப் பிரித்தால் வாடாத மாலை என்றும், தேன் பா அணி எனப் பிரித்தால் தேன் போன்ற பாக்களாலான அணி என்றும் நூற்பெயர் பொருள் தரும். தாம் கொண்டுவந்த செய்தியைத் தமிழர் மேல் சுமத்துவதினும், தமிழின் அழகுக்குள் அதனை அமைத்துக் காட்டுவதில் அவர் இன்பம் கண்டார் என்பதற்கு இப்பெயரே சான்று.

இங்கிருந்து சென்றவர்

அயல்நிலத்துப் பணி ஒருவழிப் பாதையன்று. திருநெல்வேலிப் பகுதியின் வெள்ளாளன்விளையில் 1874ஆம் ஆண்டு பிறந்த வி. எஸ். அசரியா, தெலுங்கு வழங்கும் தோர்ணக்கல் பகுதிக்குப் பணியாற்றச் சென்றார். அங்குத் தெலுங்கு கற்றார். எளிய மக்களிடையே உழைத்தார். 1912ஆம் ஆண்டில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். மொழி கற்றலும் எளிமையும் மண்ணுக்கேற்ப மாறும் மனமும் எங்கிருந்து எங்குச் சென்றாலும் வேண்டும் என்பதை அவர் வாழ்வும் உணர்த்துகிறது.

வளர்ச்சியின் இயல்பு

வீரமாமுனிவர் தமிழகத்திற்கு வந்தது சமயத்தைப் பரப்பும் நோக்கத்துடன்தான். அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், அந்நோக்கத்திற்குக் கருவியாகக் கற்ற மொழி, காலப்போக்கில் அவர் அன்புக்கு உரியதாயிற்று. கருவியாக மட்டும் கருதியிருந்தால், பேசப் போதுமான அளவோடு அவர் நின்றிருப்பார். எழுத்தின் சுழியையும் கொம்பையும் பற்றிக் கவலைப்பட்டிருக்கமாட்டார். தாம் பட்ட துன்பம் பின்வருவோர்க்கு நேரலாகாது என்னும் எண்ணம் அவருடைய இலக்கணங்களிலும் அகராதியிலும் விளங்குகிறது. துன்பம் தானாகவே ஒருவரை வளர்ப்பதில்லை. அதனைப் பிறருக்கு உதவும் வழியாக மாற்றும்போதே வளர்ச்சியும் அதனோடு மகிழ்ச்சியும் பிறக்கின்றன.

1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் தமிழ்ச் சான்றோர் சிலைகள் நிறுவப்பட்டபோது, வீரமாமுனிவரின் சிலையும் அவற்றுள் ஒன்றாக எழுந்தது. அயல்நாட்டவராக வந்தவரைத் தமிழர் தம்மவராக ஏற்றுக்கொண்டதை அச்சிலை அறிவிக்கிறது. எரியையும் ஏரியையும் வேறுபடுத்தி எழுதும் ஒவ்வொரு கையிலும் அவருடைய பணி இன்றும் தொடர்கிறது.

கற்பவை கற்றபின்...

1. நெடில் எழுத்துகளுக்குத் தனி வடிவம் இல்லையெனில் பொருள் மயக்கம் தரக்கூடிய பத்துச் சொல்லிணைகளைத் தொகுக்க.
2. உங்கள் ஊருக்கு வெளிமாநிலத்திலிருந்து வந்து பணியாற்றும் ஒருவரைச் சந்தித்து, தமிழ் கற்பதில் அவருக்கு ஏற்பட்ட இடர்ப்பாடுகளைக் கேட்டறிந்து வகுப்பறையில் பேசுக.
3. 'கற்பிக்க வந்தவர் முதலில் கற்க வேண்டும்' என்னும் கருத்தை வீரமாமுனிவரின் வாழ்வைக் கொண்டு நிறுவுக.